ஆரோக்கிய மளிகைத் தொழிலில் பணம் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பகுதியில் செக்கு, மாவு மில், சிறுதானியப் பேக்கிங் மாதிரியான சின்னத் தொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. ஓரிரு இடங்களில் சொந்தப் பணமும் போட்டிருக்கிறேன். "அண்ணா, கையில கொஞ்சம் பணம் இருக்கு, செக்கு எண்ணெய், சிறுதானியம்னு எதுலயாவது போடலாமா?" என்று கேட்டு வரும் போன்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிப்பதால், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆரோக்கிய மளிகை என்று எதைச் சொல்கிறீர்கள்?

தினமும் அடுப்புக்குப் போகிற பொருள்களை மட்டும். அரிசி, மாவு, எண்ணெய், உப்பு, சர்க்கரை, இட்லி மாவு ஆகியவற்றையே கெடுதலைக் குறைத்தோ சத்தைக் கூட்டியோ விற்பது. புரோட்டீன் பார், கிரானோலா, மக்கானா எல்லாம் இதில் சேராது. அவை ஆசைக்கு வாங்குகிற பொருள்கள், இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று. மளிகை அப்படி இல்லை. ஒரு வீட்டுக்கு ஓர் எண்ணெய் பிடித்துவிட்டால் மாதாமாதம் அதே எண்ணெய்தான் போகும், பிடிக்கவில்லை என்றால் எவ்வளவு விளம்பரம் செய்தாலும் இரண்டாவது பாட்டில் போகாது. இந்த இரண்டாவது பாட்டிலை வைத்துத்தான் கீழே இருக்கும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

உண்மையிலேயே தேவை இருக்கிறதா, இல்லை வாட்ஸ்அப் மோகமா?

இரண்டும் இருக்கிறது. 2023ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இன்டியாப் ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், பெரியவர்களில் 11.4%. அதே குழு 2025ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, நாம் சாப்பிடும் கலோரியில் ஏறத்தாழ 62% மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசியும் அரைத்த மாவும் சர்க்கரையும்தான் என்றது. டாக்டர் "சாதத்தைக் குறைங்க" என்று சொல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. ஆகவே தேவை நிஜம்.

மோகமும் நிஜம்தான். 2023ஐ ஐநா சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது ஊருக்கு நாலு பேர் சிறுதானியப் பேக்கிங்கில் இறங்கினார்கள். ஜனங்களும் ஆளுக்கு ஒரு கிலோ சாமை, ஒரு கிலோ வரகு என்று வாங்கிப் போனார்கள். அதில் பல பாக்கெட்டுகள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வண்டு பிடித்துக் கிடந்ததுதான் மிச்சம். வாங்கியவர்களுக்கு அதை எப்படி, எத்தனை தண்ணீர் வைத்துச் சமைப்பது என்று தெரியவில்லை, வீட்டில் பிள்ளைகளும் சாப்பிடவில்லை. அந்த வருடத்து விற்பனைக் கணக்கைக் காட்டி யாராவது உங்களிடம் பணம் கேட்டால், "சரிங்க, அதுக்கு அடுத்த வருஷக் கணக்கைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

செக்கு எண்ணெயில் லாபம் வருமா? எல்லா ஊரிலும் ஒரு மரச்செக்கு வந்துவிட்டதே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்தால், பருப்புக்கே 300 ரூபாய். புண்ணாக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும், கிலோ 45 என்று வைத்தால் 60 ரூபாய் சொச்சம் திரும்பி வரும். ஆட்டுக்கூலி, கரண்ட், பாட்டில், லேபிள் எல்லாம் ஒரு 35 ரூபாய். ஆக வாடகை, வட்டி, வண்டிச் செலவு எதையும் சேர்க்காமலே 270 ரூபாய்க்கு மேல் அடக்கம். இதை 300 ரூபாய்க்குக் கடைக்காரர் மூலம் விற்றால், அவருக்கு 10 முதல் 15%, அரசுக்கு ஜிஎஸ்டி 5% என்று கழித்த பிறகு கையில் இருப்பது நஷ்டம்.

எனவே செக்கு எண்ணெய் ஓடுவது இரண்டு வழியில்தான். ஒன்று, செக்கிலேயே நேரடியாக, ஊர்க்காரர்கள் கண் முன்னால் ஆட்டி விற்பது. அங்கே கடைக்காரர் மார்ஜின் மிச்சம், புண்ணாக்கும் மாடு வைத்திருப்பவர்களிடம் அன்றன்றே போய்விடும். இன்னொன்று, 350, 400 என்று விலை வைத்தாலும் வாங்குகிற வாடிக்கையாளர் பட்டியல் கையில் இருப்பது. இந்த இரண்டும் இல்லாமல் "சூப்பர் மார்க்கெட்டுக்குச் சப்ளை" என்று திட்டம் போடுபவருக்கு நான் கணக்கு எழுதுவேன், பணம் தரமாட்டேன்.

இதே கணக்கை நீங்கள் வாங்கும்போதும் போடலாம். அடக்கத்துக்கும் கீழே விலை சொன்னால் அதில் பாமாயிலோ வேறு மலிவான எண்ணெயோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

இன்னொரு விஷயம், இதில் மெஷினுக்குப் போடும் பணம் சின்னது. வாகை மர உரலும் மோட்டாரும் ஒருமுறைச் செலவு. பெரிய பணம் முடங்குவது சரக்கில். கடலை அறுவடை நேரத்தில் சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ, எள் என்றால் சிவகிரியிலோ, கொப்பரை என்றால் அவல்பூந்துறை, பெருந்துறையிலோ நல்ல சரக்கு வரும்போது வாங்கி வைத்துக்கொண்டால்தான் மற்ற மாதங்களில் மூச்சு விட முடியும். 2025ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, இருப்பு வைக்காத தேங்காய் எண்ணெய்க்காரர்கள் பழைய விலைக்குத் தர முடியாமலும் புது விலையைச் சொல்ல வாய் வராமலும் தவித்தார்கள். அதனால் முதலீட்டுத் திட்டத்தில் மெஷின் விலையைப் பெரிதாக எழுதி, நடப்பு மூலதனத்துக்கு (சரக்கு வாங்கி அன்றாடம் ஓட்டத் தேவையான பணத்துக்கு) ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அவருக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம்.

செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லதுதானே?

சூடும் ரசாயனமும் அதிகம் படாததால் மணமும், வைட்டமின் இ மாதிரியான சில சத்துகளும் தங்குகின்றன. அதுவரை சரி. ஆனால் எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான், செக்கில் ஆட்டினால் அது குறையாது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90% நிறைவுற்ற கொழுப்பு, செக்கில் ஆட்டினாலும் அதே.

யாரும் பேசாத பக்கம் ஒன்று உண்டு: பூஞ்சை. சரியாகக் காயாத கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். ரீஃபைண்டு எண்ணெயில் சுத்திகரிப்பின்போது அது பெரும்பாலும் போய்விடும். செக்கு எண்ணெயில் அந்த வேலையே நடப்பதில்லை, அதனால் கெட்ட பருப்பு போட்டால் கெட்டது எண்ணெயில் வரும். ஆகவே செக்கு வைத்திருப்பவரிடம் முதலில் பார்க்க வேண்டியது உரலை அல்ல, குடோனை. கடலையைத் தோலோடு வைத்திருக்கிறாரா, மூட்டைக்குக் கீழே பலகை போட்டிருக்கிறாரா, சுருங்கிய, கறுத்த பருப்பைப் பொறுக்கி எடுக்கப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூடவே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். "எங்க எண்ணெய்க்கு டெஸ்ட் எதுக்குங்க" என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம். பாத்திரம் கொண்டு வருபவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறாரா என்றும் பாருங்கள், சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது. நிறையப் பேர் விற்கத்தான் செய்கிறார்கள், ஆனால் அதிகாரி வரும் அன்று மாட்டுவது உங்கள் பணமும்தான்.

சிறுதானியத்தில் போடலாமா?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. எந்தச் சிறுதானியம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ராகி, கம்பு, சோளம் ஆகியவற்றுக்கு நெல் மாதிரி உமி கிடையாது, கழுவிக் காயவைத்து அப்படியே அரைக்கலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு இவற்றுக்கு உமி உண்டு. உமியை நீக்க டீஹல்லர் வேண்டும், அதற்கு முன்னால் கல் நீக்கும் மெஷின், சலிக்கும் கிரேடர், அதற்குப் பின்னால் உமி போகாத மணிகளைப் பிரித்து மறுபடி ஓட்டும் வேலை. 100 கிலோ தானியம் போட்டால் ரகத்தைப் பொறுத்து 55 முதல் 75 கிலோ அரிசிதான் கையில் வரும். மலையில் விளைவிக்கிறவருக்குக் கிடைக்கும் விலைக்கும் கடையில் நாம் கொடுக்கும் விலைக்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம், எல்லாவற்றையும் இடைத்தரகர் தலையில் கட்ட வேண்டாம்.

ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் சாமை விளைகிறது, ஆனால் வெகுகாலம் உமி நீக்க உலக்கைதான் கதி. பெண்கள் இடித்துச் சலித்துக் களைத்துப்போய், ரேஷன் அரிசி வந்ததும் சாமையை விட்டதில் ஆச்சரியமே இல்லை. கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊருக்குள் மெஷின் கொண்டுவந்த பிறகுதான் அங்கே நிலைமை கொஞ்சம் மாறியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், புதிதாக ஒரு பிராண்ட் ஆரம்பிப்பதைவிட, விளைகிற இடத்துக்குப் பக்கத்தில் உமி நீக்கிக் கூலிக்கு அரைத்துத் தரும் யூனிட்டில் போடும் பணம் எனக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. பிராண்டுகள் வரும் போகும். யார் விற்றாலும் உமி நீக்கித்தானே ஆக வேண்டும்.

அடுத்த சிக்கல் பட்டை தீட்டுவது. தவிட்டோடு இருக்கும் சாமை பழுப்பாக இருக்கும், வேக நேரமாகும், தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கடைக்காரருக்கு வெள்ளையாக, ஆறு மாதம் கெடாமல் வேண்டும். உடனே மெஷினில் இன்னும் இரண்டு சுற்று ஓட்டிவிடுகிறார்கள். வெள்ளையாகிறது, நாரும் தாதுவும் தவிட்டோடு மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது, பாக்கெட்டில் மட்டும் "நார்ச்சத்து நிறைந்தது" என்று இருக்கிறது. இப்படி வருவதை ஆரோக்கியப் பொருள் என்று விற்பது எனக்கு ஒப்பவில்லை. வெற்றிடப் பேக்கிங், குறைந்த அளவில் அடிக்கடி அரைப்பது, தானியத்தை உமியோடு இருப்பு வைத்து ஆர்டர் வந்த பிறகு நீக்குவது என்று வழிகள் இருக்கின்றன. இதைச் செய்கிற யூனிட் சின்னதாக இருந்தாலும் அதன் பின்னால் போகலாம்.

கம்பு மாவு தனிக் கதை. அரைத்து ஒரு வாரம், பத்து நாளிலேயே கசப்பு ஏறிவிடும். கம்பை அரைக்கும் முன் கொதிநீரில் சில நொடிகள் முக்கி எடுத்துக் காயவைத்தால் கெடுவது தள்ளிப்போகும். இதைச் சொல்லாமல் "ஆறு மாசம் தாங்கும்" என்கிறவரிடம் எப்படி என்று கேளுங்கள்.

அப்படியானால் ராகி?

என்னைக் கேட்டால் சிறுதானியங்களில் ராகிதான் தொழிலுக்குத் தோதானது. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம், உமித் தொல்லை இல்லை, தவிட்டோடு மாவாகிறது, கிருஷ்ணகிரி, தர்மபுரியில் விளைகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக நம் வீடுகளில் கூழும் களியும் குழந்தைக்குக் கஞ்சியும் ஏற்கெனவே பழக்கம். யாருக்கும் சமைக்கச் சொல்லித்தர வேண்டாம். 2023ல் அரசும் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இதனால் கொள்முதல் விலை ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சிறுதானிய நூடுல்ஸ், சேமியா?

விற்கும். பெயரைவிட்டுப் பொருள் பட்டியலைப் பாருங்கள், எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதா அல்லது கோதுமை மாவு என்று இருந்து, மூன்றாவதாகத் தினை 10% என்று இருந்தால் அது மைதா நூடுல்ஸ்தான். தொழிலாகப் பார்த்தால் மார்ஜின் அரிசியைவிட நன்றாக இருக்கிறது, 2025 செப்டம்பர் 22 முதல் நூடுல்ஸ் வகைக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5% ஆனது உதவி. ஆனால் போட்டி பயங்கரம்.

பாரம்பரிய அரிசி, கைக்குத்தல் அரிசி பற்றி?

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, காட்டுயானம், பூங்கார் எல்லாம் இன்று கடைகளில் கிடைப்பதற்கு, பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேகரித்து 2018ல் மறைந்த நெல் ஜெயராமனும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாக்களும் பெரிய காரணம். அங்கே விதை வாங்கிப் போனவர்கள்தான் இன்று பலருக்குச் சப்ளை செய்கிறார்கள். விளைச்சல் குறைவு, சில ரகங்களுக்கு ஆறு மாதம் வரை வயல் காத்திருக்க வேண்டும், பயிர் உயரமாக வளர்ந்து மழையில் சாய்ந்துவிடும். ஆகவே விலை கூடத்தான் இருக்கும்.

உடல்நலப் பக்கம் பார்த்தால், ரகத்தின் பெயரைவிட எவ்வளவு தீட்டியிருக்கிறார்கள் என்பது முக்கியம். சென்னையில் இருக்கும் மதராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் ஒரே ரக அரிசியை வெவ்வேறு அளவில் தீட்டிச் சோதித்தது. தவிடு நீக்காதபோது சர்க்கரை ஏற்றக் குறியீடு (சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்ற அளவு) 58 அளவில் இருந்தது, வெறும் 2.3% தீட்டியதுமே 73 ஆனது, நன்றாக வெள்ளையாக்கியபோது 80ஐத் தொட்டது. லேசாகத் தீட்டினால் பரவாயில்லை என்று அரிசி ஆலைக்காரர்கள் சொல்வதைக் கேட்கும்போது இந்த நம்பரை நினைத்துக்கொள்வேன். "பாலிஷ் செய்யாத மாப்பிள்ளைச் சம்பா" என்று எழுதிவிட்டு ஒரு சுற்று ஓட்டியிருந்தால், வாங்குபவர் பெயருக்குத்தான் காசு கொடுக்கிறார்.

பணம் போடுபவருக்கு என்ன? தவிட்டோடு இருக்கும் அரிசியில் வண்டும் சிக்கு வாடையும் சீக்கிரம் வரும். கடைக்குக் கொடுத்து மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தால் முழு நஷ்டம். நெல்லாக வைத்திருந்து, வாரம் ஒருமுறை அரைத்து, சந்தா மாதிரி வீடுகளுக்கு அனுப்புகிறவர்கள்தான் நிற்கிறார்கள்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம்?

ஆரோக்கியம் என்ற பெயரில் நான் போடமாட்டேன். எல்லாமே பெரும்பாலும் சுக்ரோஸ்தான், சர்க்கரை நோயாளிக்கு இதுவும் சர்க்கரைதான். ருசிக்காகவும் பனைத் தொழிலாளிக்காகவும் உடன்குடிக் கருப்பட்டி வாங்குங்கள், தாராளமாக. அதற்குப் புவிசார் குறியீடு கூட இருக்கிறது. ஆனால் சீனி கலந்த கருப்பட்டியும், நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்ட வெல்லமும் சந்தையில் நிறைய. சுத்தமாகச் செய்பவர் கலப்படக்காரரோடு விலையில் மோத முடியாமல் திணறுவதைப் பார்க்கிறேன்.

உப்பில் என்ன செய்ய முடியும்?

உடல்நலம் என்று மட்டும் பார்த்தால் இந்தப் பக்கத்திலேயே அதிகம் ஆதாரம் இருக்கும் பொருள் இதுதான். சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்கள் அல்லது ரத்தக் கொதிப்புள்ள முதியவர்கள் என ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021ல் வெளியானது. சாதா உப்பில் கால்பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியதில் பக்கவாதம் 14% குறைந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் வீட்டுச் சமையலுக்கு இத்தகைய உப்பைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இது முக்கியம், தயவுசெய்து "எல்லாருக்கும் நல்லது" என்று பார்வேர்டு செய்யாதீர்கள்.

ஆனால் தொழிலாக? தூத்துக்குடியில் உப்பு விளைந்தாலும் அதில் கலக்க வேண்டிய பொட்டாசியம் குளோரைடு (பொட்டாஷ்) முழுக்க முழுக்க இறக்குமதி மாதிரிதான், அதனால் விலை கூடும். உப்புக்கு யாரும் யோசித்துப் பணம் கொடுப்பதில்லை. 2014ல் அம்மா உப்பு வந்தபோதே அதில் சோடியம் குறைந்த வகையும் இருந்தது, எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது சொல்லுங்கள். சின்ன முதலீட்டாளருக்கு இடமே இல்லாத துறை.

ரேஷனுக்கான செறிவூட்டிய அரிசித் தொழில்?

இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மாவிலிருந்து அரிசி வடிவில் செய்யும் மணிகளை 100க்கு 1 என்ற கணக்கில் கலந்ததுதான் இந்த அரிசி. "பிளாஸ்டிக் அரிசி" என்று வீடியோ போட்டது இதைத்தான். வாங்குவது அரசு, டெண்டர் விலை, பில் பணம் வரும்வரை காத்திருக்கத் தெம்பு வேண்டும். சில லட்சங்களோடு போகிற இடமில்லை.

பெரிய கம்பெனிகள் இதில் இறங்குகின்றனவே, அவற்றின் ஷேர் வாங்கினால் போதாதா?

அவர்கள் செய்வதைக் கவனியுங்கள். ஹிந்துஸ்தான் யூனிலீவர் 2023ல் அன்னபூர்ணா ஆட்டாவையும் கேப்டன் குக் உப்பையும் 60.4 கோடிக்கு விற்றுவிட்டு வெளியேறியது. வெறும் மாவு, வெறும் உப்பில் அத்தனை பெரிய கம்பெனிக்கே ஆர்வம் போய்விட்டது. மறுபக்கம் டாடா கன்ஸ்யூமர் 2021ல் ராகியை நம்பி வளர்ந்த சோல்ஃபுல் பிராண்டை 155.8 கோடிக்கு வாங்கியது, ஐடிசி 2025ல் 24 மந்த்ரா ஆர்கானிக் கம்பெனியை 472.5 கோடிக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. சாதா மளிகையில் மார்ஜின் இல்லை, நம்பிக்கை சம்பாதித்த மளிகையில் இருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஆனால் ஐடிசி ஷேர் வாங்கினால் நீங்கள் பெரும்பாலும் வாங்குவது சிகரெட் லாபத்தை. டாடா கன்ஸ்யூமர் என்றால் டீயும் உப்பும். ராகிக்காக வாங்குகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

மெனக்கெட்டுப் பார்க்க வேண்டியது ஐடி ஃப்ரெஷ். 2005ல் பெங்களூரில் வயநாட்டுக்காரர் முஸ்தஃபாவும் அவருடைய சொந்தக்காரப் பையன்களும் ஆரம்பித்தது, இட்லி மாவு. அதில் புதுச் சத்து எதுவும் இல்லை. வீட்டில் ஆட்டியது மாதிரியே, சோடாவோ கெடாமல் இருக்க எதுவுமோ சேர்க்காமல் தந்தார்கள். கெட்டுப்போகிற பொருள் என்பதால் தினமும் கடைக்குப் போய் எத்தனை பாக்கெட் மிஞ்சியது என்று எண்ணி மறுநாளைக்கு அதற்கேற்ப அனுப்பும் வேலைதான் அங்கே தொழில். நம் ஊரில் மாவு விற்கும் அக்காவும் இதையே தன் தெருவுக்குள் செய்கிறார்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்கு வாங்கலாமா?

இது விவசாயிகளே சேர்ந்து நடத்தும் கம்பெனி. நீங்கள் விவசாயி என்றால் வாங்கலாம். இல்லை என்றால் முடியாது, உற்பத்தி செய்பவர் மட்டுமே உறுப்பினராக முடியும் என்பது சட்டம். "உங்களுக்கும் ஷேர் போட்டுத் தரேன்" என்று யாராவது சொன்னால் பத்திரத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு மெஷின் வாடகைக்குக் கொடுப்பது, சரக்கை முன்பணம் கொடுத்து வாங்குவது மாதிரி வழிகள் உண்டு.

மாதம் 3% தருகிறேன், செக்கு ஒன்று உங்கள் பேரில் வைக்கிறேன் என்கிறார்கள்.

ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் என்று சொல்லி ஊரை ஏமாற்றியது ஞாபகம் இருக்கிறதா? 2012, பெருந்துறை. அன்றைக்குக் கோழி, இன்றைக்குச் செக்கு. மேலே போட்ட கணக்கில் ஒரு லிட்டருக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டு, மாதம் 3% எங்கிருந்து வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அரசு மானியம் கிடைக்குமா?

2020ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் திட்டச் செலவில் 35%, அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம். நம் கைப்பணம் 10% இருக்க வேண்டும், மீதி வங்கிக் கடன். பலர் நினைப்பது போல மானியம் கையில் வராது, கடன் கணக்கில் ஒதுக்கி வைக்கப்பட்டு, மூன்று வருடம் யூனிட் ஓடி, தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால்தான் கழிக்கப்படும். பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35%, உச்ச வரம்பு ஒன்றரைக் கோடி. மாவட்டத் தொழில் மையத்தில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பொருளை எப்படிச் செய்வது என்று கற்கத் தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம் என்ற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் நல்ல இடம், அங்கே மெஷினில் சோதனை ஓட்டமும் செய்து பார்க்கலாம்.

மானியம் இல்லாவிட்டால் ஓடாது என்று தெரிகிற தொழில், மானியம் வந்தாலும் ஓடாது.

பணம் கொடுக்கும் முன் எந்தெந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்?

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு முன் முதல்முறை வாங்கிய 100 வீட்டில், இப்போதும் வாங்குகிற வீடு எத்தனை? போன் நம்பரோடு பில் போடுகிற யாராலும் இதைச் சொல்ல முடியும். சொல்ல முடியாதவர் இன்னும் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். திருவிழா ஸ்டால், கண்காட்சி, தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் விற்பனையை இதில் கலக்கவிடாதீர்கள்.

அப்புறம் கடைகளில் நிற்கும் பாக்கி. மளிகைத் தொழிலில் சரக்குக்குப் பணம் ரொக்கமாகப் போகும், விற்ற பணம் 45 நாள், 60 நாள் கழித்து, அதுவும் பாதிப் பாதியாக வரும். பெரிய கடைச் சங்கிலிகள் எக்ஸ்பயரி ஆனதைத் திருப்பி அனுப்பிப் பில்லில் கழித்தும்விடும். லாபக் கணக்கில் லாபம் காட்டிக்கொண்டே கல்லாப்பெட்டியில் காசில்லாமல் மூடிய யூனிட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்த சரக்கின் நோட்டு என்று தனியாக ஒன்று இருந்தால் அதைத்தான் முதலில் புரட்டுவேன்.

லேபிளையும் ஒருமுறை படியுங்கள். "சர்க்கரை நோய் குணமாகும்", "கேன்சர் வராது" என்றெல்லாம் உணவுப் பாக்கெட்டில் எழுதக்கூடாது. "நார்ச்சத்து நிறைந்தது" என்று போட 100 கிராமில் 6 கிராமாவது இருக்க வேண்டும். ஒரு புகார் போதும், அச்சடித்த கவர் அத்தனையும் குப்பை.

மச்சான்தான் தொழில் செய்கிறார். பங்குதாரராகச் சேரட்டுமா, கடனாகக் கொடுக்கட்டுமா?

சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் பங்குதாரராகக் கையெழுத்துப் போட்டால், கம்பெனிக் கடன் உங்கள் வீடு வரைக்கும் வரும், நீங்கள் கடைப் பக்கமே போகாதவராக இருந்தாலும். எல்எல்பி (பொறுப்புக்கு வரம்பு வைத்த கூட்டு நிறுவனம்) என்றால் போட்ட பணத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். கடன் என்றால் எழுதி, வட்டி, தவணை எல்லாம் போட்டு, பேங்க் வழியாகக் கொடுங்கள். "நமக்குள்ள எதுக்கு மாமா பேப்பர்" என்பார்கள். நமக்குள் என்பதால்தான் பேப்பர்.

எத்தனை வருடத்தில் பணம் திரும்பும்?

நேரடியாக விற்கும் செக்கு, கூலிக்கு உமி நீக்கும் யூனிட் எல்லாம் நன்றாக ஓடினால் மூன்று, நான்கு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். பிராண்ட் என்றால் சொல்ல முடியாது, கூடுதல் பணம் கேட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளையின் காலேஜ் பீஸுக்கு வைத்திருக்கும் பணத்தை இரண்டிலும் போடாதீர்கள்.

எனக்குத் தொழில் வேண்டாம். வீட்டு மளிகையில் கூடுதலாக ஆயிரம் ரூபாய் செலவழிக்கலாம் என்றால் எதில்?

வீட்டில் யாருக்கும் சிறுநீரகப் பிரச்சினை இல்லை, டாக்டரும் சரி என்கிறார் என்றால் முதலில் சோடியம் குறைந்த உப்பு, செலவு மாதம் சில பத்து ரூபாய்தான். அடுத்து முழு ராகியை வாங்கிக் கழுவிக் காயவைத்து, பக்கத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஒருவேளைச் சாதத்தில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், காய். நல்ல எண்ணெய் வேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் மாதத்துக்கு எத்தனை லிட்டர் தீர்கிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். நாலு பேர் வீட்டில் ஐந்து லிட்டர் தீர்ந்தால், எண்ணெயை மாற்றுவதற்கு முன் அதை மூன்றாக்குங்கள், மிச்சமாகும் காசிலேயே செக்கு எண்ணெய் வாங்கிவிடலாம்.